மார்சியாக்: ஒரு சிற்றூர் ஜாஸ் ரசிகர்களை வளர்த்த கதை

[காட்சி: சாமராஜப்பேட்டை, மாலை நேரம், கச்சேரிக் கொட்டகை]

வணக்கம். ராமநவமி சமயத்தில் பெங்களூரு சாமராஜப்பேட்டையில் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துக்குப் போனவர்களுக்கு இந்தக் கூட்டம் தெரிந்திருக்கும். ஸ்ரீராமசேவா மண்டலி 1939-இல் ஆரம்பித்த இசை விழா இது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய மேடை. அல்சூரிலிருந்தும் மல்லேஸ்வரத்திலிருந்தும் நம் தமிழ்க் குடும்பங்கள் பாட்டிகளோடும் பிள்ளைகளோடும் வந்து உட்காருகிறார்கள். இப்படி ஒரு கூட்டம் தானாகச் சேருமா? இந்தக் கேள்விக்கு நான் பார்த்ததிலேயே நல்ல பதில் பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அங்கே கச்சேரி என்றால் ஜாஸ்.

[காட்சி: வரைபடம், தென்மேற்குப் பிரான்ஸ்]

ஊர் பெயர் மார்சியாக். ஜெர்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 1,200. வாத்து வளர்ப்பு, வயல், அர்மன்யாக் மது, இவைதான் அந்த மாவட்டத்தின் அடையாளம். துலூஸ் நகரத்திலிருந்து காரில் வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆனால் ஜூலை கடைசியில் ஜாஸ் விழா தொடங்கிவிட்டால் ஆகஸ்ட் வரை லட்சக்கணக்கானவர்கள் வந்து போகிறார்கள்.

விழா 1978-இல் மிகச் சிறியதாகத் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஜான் லூயி கியோமோன். அதே வட்டாரத்தில் குடியிருந்த அமெரிக்க டிரம்பெட் கலைஞர் பில் கோல்மனும் சாக்ஸபோன் கலைஞர் கீ லாஃபித்தும் துணை நின்றார்கள். கியோமோன் பின்னாளில் ஊருக்கு மேயராகவும் ஆனார்.

[காட்சி: ரக்பி மைதானத்தில் பெரிய கூடாரம்]

சரி, யார் வந்து கேட்கிறார்கள்? இரண்டு வகையான கூட்டம். இரவில் ரக்பி மைதானத்துக் கூடாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கி உட்காருகிறார்கள். பெரிய பெயர்களுக்காகத் தூரத்திலிருந்து வருபவர்கள் இவர்கள். அமெரிக்க டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சலிஸ் அங்கே திரும்பத் திரும்ப வந்து வாசித்ததால் ஊரில் அவருக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்.

பகலில் ஊர்ச் சதுக்கத்தில் நடப்பவை இலவசக் கச்சேரிகள். சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார்கள், பாதியில் எழுந்து போகிறார்கள், குழந்தைகள் மேடைக்கு முன்னால் ஆடுகிறார்கள். இதெல்லாம் ரசனையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு இந்தச் சதுக்கத்துக் கூட்டம்தான் முக்கியம். சாக்ஸபோன் சத்தம் காதில் விழுந்தபடி வளரும் பிள்ளைக்குப் பத்து வருடம் கழித்து ஜாஸ் அந்நியமாக இருக்காது.

[காட்சி: பள்ளி வகுப்பறை, டிரம்ஸ், டிரம்பெட்]

இப்போது விஷயத்துக்கு வருவோம். சிற்றூர்ப் பள்ளிகளின் தலைவிதி நமக்குத் தெரியும்: பிள்ளைகள் குறைவார்கள், ஒருநாள் கதவை மூடுவார்கள். மார்சியாக் நடுநிலைப் பள்ளிக்கும் அந்த ஆபத்து வந்தது. 1993-இல் அங்கே ஜாஸ் பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். வழக்கமான பாடங்களோடு வாத்தியம் கற்பது, சேர்ந்து வாசிப்பது, அந்த நொடியில் கற்பனை செய்து வாசிப்பது. நம் மனோதர்மம் மாதிரிதான். இதற்காகவே வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர, பள்ளி பிழைத்தது.

இதன் பலன் விழாவுக்கும் கிடைத்தது. அங்கே படித்த எல்லோரும் கலைஞர்கள் ஆகவில்லை. ஆனால் நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். நூற்றுக்கணக்கான தொண்டர்கள் டிக்கெட் கிழிப்பதிலிருந்து சாப்பாடு பரிமாறுவது வரை பார்த்துக்கொள்கிறார்கள். 2011-இல் லாஸ்த்ராதா என்ற நிரந்தர அரங்கமும் வந்தது. அதனால் கோடை முடிந்த பிறகும் கச்சேரி நிற்பதில்லை. பெரிய கலைஞரைப் பணம் கொடுத்து அழைத்துவிடலாம். கேட்பவரை அப்படி அழைக்க முடியாது, வளர்க்கத்தான் வேண்டும்.

[காட்சி: மிருதங்கம், பக்கத்தில் சாக்ஸபோன்]

ஜாஸ் நமக்கு எங்கே ஒட்டும் என்று கேட்பவர்களுக்கு: டி.ஏ.எஸ். மணி 1964-இல் பெங்களூரில் தாள வாத்தியங்களுக்காகத் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் அமைப்பும், பாடகி ராமாமணியும், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும் சேர்ந்து 1983-இல் ஓர் இசைத்தட்டே பதிவு செய்திருக்கிறார்கள். தேடிக் கேளுங்கள். அவருடைய சாக்ஸபோனும் ராமாமணியின் ஸ்வரங்களும் சேர்ந்து போகும் இடங்களை எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றும்.

ஆக, வித்வான்களும் இருக்கிறார்கள், வழியும் போட்டிருக்கிறார்கள். மார்சியாக்கில் அந்த ஆசிரியர்கள் 1993-இல் எடுத்த முடிவை நம் சிவாஜிநகரிலோ அல்சூரிலோ ஏதாவது ஒரு பள்ளி எடுத்தால் சொல்லி அனுப்புங்கள். முதல் வகுப்பைப் படம் பிடிக்க கேமராவோடு வருகிறேன்.