வரவிருக்கும் நூல்களும் நூலகரின் பரிந்துரையும்

மதிப்பிற்குரிய நூலகர்களே,

ஒரு நூல் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, பதிப்பகப் பட்டியலாகவும் முன்வாசிப்புப் பிரதியாகவும் அதைப் பற்றிய செய்தி நம்மை வந்தடைந்துவிடுகிறது. நூலகர்களுக்கான அமெரிக்க மதிப்புரை இதழ்களான, 1876இல் தொடங்கிய லைப்ரரி ஜர்னலும், 1905இல் தொடங்கிய புக்லிஸ்டும் வெளியீட்டுக்கு முன்பே மதிப்புரைகளைத் தருவதற்குக் காரணம், கொள்முதலைத் தீர்மானிக்க நூலகருக்கு அவகாசம் வேண்டும் என்பதே. அந்த அவகாசத்தைக் கொள்முதல் ஆணை அனுப்புவதற்கு மட்டும் செலவிடாமல், வாசிப்பதற்கும் ஒதுக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இங்கு நிற்கிறேன்.

பின்னட்டை வாசகங்கள் நூலை விற்பதற்காக எழுதப்பட்டவை, அதில் குற்றமில்லை. ஆனால் அவற்றையே நாம் வாசகரிடம் ஒப்பித்தால், பதிப்பகத்தின் குரல்தான் ஒலிக்குமே தவிர நூலகரின் குரல் ஒலிக்காது. வரும் நூல்கள் அனைத்தையும் முழுமையாகப் படிப்பது எவராலும் இயலாது என்றாலும், முதல் ஐம்பது பக்கங்களைப் படித்தாலே நடை எப்படிப்பட்டது, கதை விரைகிறதா நிதானமாக நகர்கிறதா, கொடுமைகள் எவ்வளவு வெளிப்படையாகச் சித்திரிக்கப்படுகின்றன என்பவற்றை நம்பிக்கையோடு சொல்லிவிடலாம்.

வாசகர் ஒருவர் துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுத்து, "இதுபோல் இன்னொன்று இருக்கிறதா?" என்று கேட்கிறார். உடனே அடுத்த துப்பறியும் நாவலை எடுத்து நீட்டிவிடாமல், "இதில் உங்களுக்கு எது பிடித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கொலையாளி யார் என்பதைக் காட்டிலும் கதை நடக்கும் மலையூரும் அதன் பனியுமே மனத்தில் நின்றன என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் அவருக்குரியது அடுத்த மாதம் வரவிருக்கும், கொலையே இல்லாத, நிலத்தை ஊன்றிச் சொல்லும் ஒரு நாவலாக இருக்கலாம். வகைமையை விட வேகம், பாத்திரப் படைப்பு, கதைப்போக்கு, பின்புலம் ஆகியவையே வாசகரை ஈர்க்கின்றன என்று அமெரிக்க நூலகர்களான ஜாய்ஸ் சாரிக்ஸும் நான்சி பிரவுனும் 1989இல் விளக்கியதன் பயன் இத்தகைய உரையாடலில்தான் தெரிகிறது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்னும் இரண்டும் நிறைவேறுவதும் இங்கேதான்.

விருதுப் பட்டியல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புக்கர் பரிசின் நெடும்பட்டியல் வெளியானாலும், அக்டோபரில் இலக்கிய நோபல் அறிவிக்கப்பட்டாலும் அந்த எழுத்தாளர்களின் நூல்களுக்கு முன்பதிவுகள் குவிகின்றன. காத்திருப்போரிடம் வரிசை எண்ணை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த எழுத்தாளரின் பழைய நூல் ஒன்றையோ, அதே உணர்வைத் தரும் மொழிபெயர்ப்பு ஒன்றையோ அன்றே அவர்கள் கையில் கொடுக்கலாம். சிறு பதிப்பகங்களின் நூல்களுக்கு விளம்பரச் செலவு செய்ய ஆளில்லை. அவற்றை முன்கூட்டியே படித்து அறிமுகப்படுத்துவது நம் கடமை என்றே நான் கருதுகிறேன்.

பரிந்துரைத்த நூல் திரும்பி வரும்போது, முழுவதும் படித்தீர்களா, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று அன்போடு விசாரியுங்கள். அந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தின் பதிப்பகப் பட்டியலைத் திறவுங்கள்.