எலியின் மரபணு, ஈயின் காலில் கண்! பேக்ஸ்6 செய்த வேலையைப் பாருங்கள்

[திரையில்: பல மடங்கு பெரிதாக்கப்பட்ட பழ ஈயின் கால்]

வணக்கம். இந்த ஈயின் காலில் செந்நிறமாகப் புடைத்துக்கொண்டிருப்பது கட்டி அன்று, கண். அதை அங்கே முளைக்க வைத்த மரபணு ஓர் எலியினுடையது. அம்மரபணு உருவாக்கும் புரதத்திலுள்ள 422 அமினோ அமிலங்களும், உங்கள் உடலில் இருக்கும் பேக்ஸ்6 புரதத்தில் அப்படியே அதே வரிசையில் அமைந்துள்ளன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு, மற்ற மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதமே படியெடுத்தல் காரணி. பேக்ஸ்6 அப்படிப்பட்ட ஒரு காரணி.

கண்ணின் நிற வளையமான ஐரிஸ் பிறவியிலேயே முழுமையாக வளராத அனிரிடியா நோயாளிகள் சிலருக்கு 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு துண்டு இல்லாதிருப்பது முன்பே தெரிந்திருந்தது. அந்தத் துண்டில் இருக்க வேண்டிய மரபணு எது என்று தேடியவர்கள் 1991-இல் பேக்ஸ்6-ஐப் பிடித்தார்கள். அதன் வரிசையைப் படித்தபோது, டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் இரண்டு பகுதிகள் தென்பட்டன. இரண்டுமே பழ ஈ ஆய்வுகளில் ஏற்கெனவே அறிமுகமானவை.

இனி, நான் ஆவலோடு காத்திருந்த கட்டம். 1994-இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெரிங்கின் ஆய்வகம், கண்ணில்லாத ஈக்களில் பழுதுபட்டிருக்கும் 'ஐலெஸ்' மரபணுவும் பேக்ஸ்6-உம் ஒரே வம்சம் என்று கண்டறிந்தது. மறு ஆண்டு அவர்கள் ஐலெஸ் மரபணுவை, அது இயங்கக் கூடாத இடங்களில் இயங்கச் செய்ததும், ஒளியுணர் செல்கள் உட்பட எல்லா உறுப்புகளுடனும் இறக்கையிலும் காலிலும் உணர்கொம்பிலும் கண்கள் தோன்றின. அடுத்து எலியின் மரபணுவைப் புகுத்திப் பார்த்தார்கள். அப்போதும் கண் வந்தது. ஆனால் வந்தது எலிக்கண் அன்று, ஈக்கே உரிய கூட்டுக்கண்! 'பந்தி போடலாம்' என்று குரல் கொடுப்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், இலையில் விழுவது அந்த வீட்டு அடுப்பில் வெந்ததுதானே? எலியின் புரதம் ஆணையிட்டது. சமைத்தவை ஈயின் மரபணுக்கள்.

இதனால் பேக்ஸ்6-ஐக் கண்ணின் 'தலைமை மரபணு' என்றே பலர் அழைக்கிறார்கள். அந்தப் பட்டம் சற்று மிகை என்பது என் கருத்து. ஏனெனில், ஐலெஸுக்குக் கீழே இயங்கும் வேறு சில மரபணுக்களைத் தவறான இடத்தில் இயக்கினாலும் ஈக்குக் கூடுதல் கண்கள் முளைக்கின்றன. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், வாதிடுவோம்.

மனிதரிடம் சிக்கல் அளவில் இருக்கிறது. இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும்; பாதியளவு புரதத்தைக் கொண்டு ஐரிஸ் முழுமையாக உருவாவதில்லை. அப்படியானால் கூடுதலாகக் கொடுத்தால்? அதையும் 1996-இல் சோதித்தார்கள். மனித பேக்ஸ்6, பேக்ஸ்6 பழுதானதால் கண் சிறுத்துப்போன எலிகளின் குறைபாட்டைச் சரிசெய்தது. அதே மரபணுவின் பல பிரதிகளைச் சுமந்த எலிகளுக்கோ கண் மீண்டும் சிறுத்துப்போனது.