கைக்குப் போய்ச் சேரும் உதவிக்கே முதலிடம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்தியா அயல்நாடுகளுக்குச் செய்யும் உதவியில் முன்னுரிமை பெற வேண்டியவை பெரும் கட்டுமானத் திட்டங்களா, மக்களை நேரடியாகச் சென்றடையும் உதவிகளா என்பது இன்றைய தலைப்பு. நான் இரண்டாவது அணி. எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். அணையும் துறைமுகமும் கட்டினால்தான் ஒரு நாட்டின் தலையெழுத்து மாறும் என்றார். சீனா கட்டிக்கொண்டே போகும்போது நாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அண்டை நாடுகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்றார். வீடு, ஆம்புலன்ஸ், அரிசி எல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றார்.

நடுவர் அவர்களே, முதலில் நம் கையில் இருக்கும் பணம் எவ்வளவு என்று பார்ப்போம். 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். வெளியுறவு அமைச்சகத்துக்கு அதில் 20,516 கோடி. தூதரகம், பாஸ்போர்ட், சம்பளம் எல்லாம் போக, பிற நாடுகளுக்கு நேரடி உதவியாக ஒதுக்கியது 5,483 கோடி. அரசு செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதினொரு காசு. அதிலும் பூடானுக்கு 2,150 கோடி, நேபாளத்துக்கு 700, மாலத்தீவுக்கு 600, இலங்கைக்கு 300. இவ்வளவு சிறிய தொகையை வைத்துக்கொண்டு எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. பணம் கொட்டிக் கிடந்தால் இந்தப் பட்டிமன்றமே வேண்டாம்.

பெரும் திட்டங்களில் பல இந்தத் தொகைக்குள் வருவதில்லை. லைன் ஆஃப் கிரெடிட் என்ற கடன் வசதி வழியாகப் போகின்றன. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஏன் தாமதமாகிறது என்பது புரியும். கடன் கேட்கும் நாடு நம் தூதரகத்திடம் விண்ணப்பிக்கும். வெளியுறவு அமைச்சகத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட வளர்ச்சிக் கூட்டாண்மைப் பிரிவு அதைப் பரிசீலித்து நிதியமைச்சகத்துக்கு அனுப்பும். அங்கே ஒப்புதல் கிடைத்தால் ஏற்றுமதி-இறக்குமதிக்கான அரசு வங்கியான எக்ஸிம் வங்கி அந்த நாட்டோடு ஒப்பந்தம் போடும். பிறகு விரிவான திட்ட அறிக்கை, தகுதியுள்ள நிறுவனங்களின் பட்டியல், டெண்டர், ஒப்பந்தத்துக்கு மறுபடியும் ஒப்புதல். கடைசியில் பணம், வேலை செய்யும் இந்திய நிறுவனத்துக்கு இந்தியாவிலேயே கொடுக்கப்படும். பொருளிலும் சேவையிலும் 75 சதவீதம் இந்தியாவிலிருந்து வாங்க வேண்டும் என்பது விதி. கட்டுமான வேலைகளுக்கு அதை 65 வரை தளர்த்தலாம்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வேலை நின்றுவிடும். அந்த நாட்டில் நிலம் கையகப்படுத்தத் தாமதமாகும். மணலும் ஜல்லியும் கூலியாளும் உள்ளூரில்தான் கிடைக்கும் என்னும்போது 65 சதவீத விதி இடிக்கும். டெண்டருக்கு இரண்டோ மூன்றோ நிறுவனங்களே வரும்; அவை கேட்கும் விலை மதிப்பீட்டைத் தாண்டிவிடும்; மறுபடி டெண்டர், மறுபடி ஒப்புதல். வங்கதேசத்துக்கு மூன்று தவணையாக 700 கோடி டாலருக்கு மேல் கடன் வசதி அறிவித்தோம். வட்டி ஒரு சதவீதம்தான், 20 ஆண்டுத் தவணை. முதல் ஒப்பந்தம் 2010-இல். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா அரசு கவிழ்ந்தபோது அறிவித்த தொகையில் பாதிகூடச் செலவாகியிருக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள்! நட்பான அரசு இருந்த காலம் முழுவதும் கோப்பு நகர்ந்துகொண்டே இருந்தது.

கடன் வேண்டாம், முழு மானியமாகவே பெரும் திட்டம் செய்தால் என்ன என்று எதிரணி கேட்கலாம். கலாதான் திட்டம் முழு மானியம்தான். கொல்கத்தாவிலிருந்து கடல் வழியாக மியான்மரின் சித்வே துறைமுகம், அங்கிருந்து ஆற்று வழியாக பலெத்வா, பிறகு சாலை வழியாக மிசோரம். 2008-இல் கையெழுத்தானபோது மதிப்பீடு 536 கோடி. 2015-இல் அதை 2,904 கோடி ஆக்கினார்கள். சித்வேயில் முதல் கப்பல் வந்தது 2023 மே மாதம். அடுத்த ஜனவரியில் பலெத்வா ஊரையே அரக்கான் ஆர்மி என்ற கிளர்ச்சிப் படை கைப்பற்றிவிட்டது. சாலை இன்னும் முடியவில்லை. பெரும் கட்டுமானம் பத்து, பதினைந்து ஆண்டு அமைதியை நம்பி நிற்கிறது. நம் அண்டை நாடுகளில் அந்த உறுதியை யாராலும் தர முடியாது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இலங்கையில் போர் முடிந்தபின் இந்தியா 50,000 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னது. 46,000 வடக்கிலும் கிழக்கிலும், 4,000 மலையகத்தில். முன்னோடியாக முதல் ஆயிரம் வீடுகளை ஒப்பந்ததாரர்களை வைத்துக் கட்டினார்கள். 2012 அக்டோபர் 2-இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறையையே மாற்றினார்கள்: வீட்டுக்காரரே கட்டட்டும். ஒரு குடும்பத்துக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய், சுமார் 550 சதுர அடி வீடு. அஸ்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை ஏறியதா என்று தொழில்நுட்ப அலுவலர் வந்து பார்ப்பார். அதன்படி அடுத்த தவணையை இந்தியத் தூதரகம் அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் நேராகப் போடும். நடுவில் ஒப்பந்ததாரர் இல்லை, கமிஷன் இல்லை. மேசனை வீட்டுக்காரரே பிடித்தார், கல்லையும் மரத்தையும் அவரே பார்த்து வாங்கினார்.

குறை இல்லாமலா? இருந்தது. ஒரே நேரத்தில் பல்லாயிரம் வீடுகள் எழும்பியதால் மணலும் ஓடும் மரமும் விலை ஏறின, மேசன்மார் கிடைக்கவில்லை. ஆண் துணை இழந்த குடும்பங்கள் கூலிக்கே கூடுதலாகச் செலவழித்தன. சில குடும்பங்கள் வீட்டை முடிக்கக் கடன் பட்டன. மலையகத்தில் சிக்கல் வேறு. தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த நிலமே கிடையாது. ஆகவே ஏழு பேர்ச் (இலங்கையின் நில அளவு) நிலம் முதலில் அவர்கள் பெயருக்கு மாற வேண்டியிருந்தது. சரிவான மலையில் பொருள் ஏற்றும் செலவுக்காகத் தொகையும் 9.5 லட்சம் ஆனது. பிறகு அறிவித்த 10,000 வீடுகளுக்கு, இலங்கையின் விலைவாசியைப் பார்த்து, வீடொன்றுக்கு 28 லட்சமாக உயர்த்தினார்கள். கவனியுங்கள்: தவறு தெரிந்ததும் அடுத்த கட்டத்திலேயே திருத்த முடிந்தது. ஓர் அணையின் அஸ்திவாரத்தை அப்படித் திருத்த முடியுமா?

முடியாது என்பதற்குச் சான்று பூடானில் இருக்கிறது. எதிரணி நண்பர் சுக்கா, தாலா நீர்மின் நிலையங்களைப் பெருமையாகச் சொன்னார். நானும் ஒப்புக்கொள்கிறேன், அவை வெற்றிதான். ஆனால் ஏன் வென்றன என்பதை அவர் சொல்லவில்லை. 336 மெகாவாட் சுக்காவுக்கு 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன், வட்டி ஐந்து சதவீதம். மிஞ்சும் மின்சாரத்தை வாங்க இந்தியாவே தயாராக இருந்தது. பின்னால் அந்த விகிதம் தலைகீழானது. மாங்தேச்சு திட்டத்துக்கு 30 மானியம், 70 கடன், வட்டி பத்து சதவீதம். பூடானின் வெளிக்கடன் அந்நாட்டின் ஆண்டு உற்பத்தியையே தாண்டியதற்கு இந்த நீர்மின் கடன்தான் பெருங்காரணம். 1,200 மெகாவாட் புனாட்சாங்சு முதல் திட்டத்தில் 2008-இல் வேலை தொடங்கியது. 2013 ஜூலையில் அணைக்குத் தோண்டும்போது வலது கரை மலை சரிந்தது. பாறையின் பலவீனத்தைக் குழி தோண்டியபின் கண்டுகொண்டதன் விலை, பல ஆண்டுத் தாமதமும் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிய செலவும்.

சீனாவைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். பணத்துக்குப் பணம் போட்டி போட்டு நம்மால் சீனாவை வெல்ல முடியாது. அந்தப் பதினொரு காசை நினைவில் வையுங்கள். நாம் வெல்லக்கூடிய இடம் வேறு. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளில் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின் திட்டத்தை 2021-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில். இந்தியா அதே வேலையை மானியமாகவே செய்து தருகிறேன் என்றது. சுமார் 1.1 கோடி டாலர். 2022 மார்ச்சில் ஒப்பந்தம் நம் கைக்கு வந்தது. ஒரு துறைமுகத்தின் விலையில் சிறு துண்டுகூட இல்லாத தொகையில், தமிழ்நாட்டுக் கரைக்கு அருகில் இருந்த பாதுகாப்புக் கவலை தீர்ந்தது, தீவு மக்களுக்கு மின்சாரத்துக்கும் வழி பிறந்தது.

காங்கேசன்துறையையும் பாருங்கள். அந்தத் துறைமுகத்தைச் சீரமைக்க 2018 ஜனவரியில் 4.5 கோடி டாலர் கடன் வசதி கொடுத்தோம். கடனாக இருந்தவரை வேலை முன்னேறவில்லை. 2024-இல் 6.15 கோடி டாலர் முழுவதையும் மானியமாகவே தருவதாக இந்தியா முடிவெடுக்க வேண்டியிருந்தது. கடன் என்ற பாதை அடைபட்டிருந்தது என்பதை நம் அரசே ஒப்புக்கொண்ட இடம் இது.

ஆட்சி மாறினால் உதவி என்ன ஆகும் என்பதுதான் வெளியுறவுக் கொள்கையின் உண்மையான உரைகல். கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்துக்கு இந்தியா, ஜப்பானோடு 2019-இல் உடன்படிக்கை போட்ட இலங்கை, 2021 பிப்ரவரியில் பின்வாங்கியது. இந்தியாவோடு கூட்டாக இலங்கையில் கட்டவிருந்த சம்பூர் அனல் மின் நிலையம் 2016-இல் கைவிடப்பட்டது. அதே 2016 ஜூலையில் 88 வண்டிகளோடு இலங்கையில் தொடங்கிய, 1990 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை இன்றும் ஓடுகிறது. இந்திய மானியம் இரண்டு கட்டமாகச் சுமார் 2.25 கோடி டாலர். மொத்தம் 297 வண்டிகள். உளவு பார்க்க வருகிறார்கள் என்று ஆரம்பத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் ஓட்டுபவரும் முதலுதவி செய்பவரும் இலங்கையர். அவர்கள் பயிற்சி பெற்றது ஹைதராபாத்தில். 2018-இல் இலங்கை நாடாளுமன்றமே அதற்கென்று சட்டம் இயற்றிச் சேவையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன்பின் அங்கே எத்தனை குடியரசுத் தலைவர்கள் மாறினார்கள்! ஒருவரும் அந்த வண்டியை நிறுத்தத் துணியவில்லை. மாரடைப்பு வந்தவர் வீட்டு வாசலுக்கு வரும் வண்டியை எந்த அரசியல்வாதி நிறுத்துவார்?

2022-ஐ மறக்க முடியுமா? ஏப்ரல் 12-இல் இலங்கை வெளிக்கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. அதற்கு முன்பே எரிபொருளுக்கு 50 கோடி டாலர், உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டாலர் கடன் வசதி கொடுத்திருந்தோம். அதுவும் கடன்தானே என்று எதிரணி கேட்கும். கடன்தான், ஆனால் சில வாரங்களில் டீசலாக, அரிசியாகக் கரை சேர்ந்த கடன். ஏப்ரல் 29-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது: 40,000 டன் அரிசி, 500 டன் பால் மாவு, உயிர் காக்கும் மருந்துகள். மே 18-இல் 9,000 டன் அரிசியோடு முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது. இருபது நாள்கூட ஆகவில்லை. பசித்த வயிற்றுக்கு அது சோளப்பொரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நடுவர் அவர்களே.

பெரும் திட்டமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நிலம் கையில் வந்தபின், பாறை ஆய்வு முடிந்தபின், விளைபொருளை வாங்க ஆள் உறுதியானபின் செய்யுங்கள். அதுவரை மானியப் பணத்தின் முதல் பங்கு நேபாளத்தில் நடப்பது போன்ற சமூகத் திட்டங்களுக்குப் போகட்டும். அங்கே பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர் என்று 2003 முதல் 500-க்கும் மேற்பட்ட வேலைகளை இந்திய மானியத்தில் எடுத்திருக்கிறார்கள். நிறைவேற்றுவது உள்ளூர் நிர்வாகம். ஒரு திட்டத்துக்கு 5 கோடி நேபாள ரூபாய் என்ற உச்சவரம்பை 2024 ஜனவரியில் 20 கோடியாக உயர்த்தினார்கள். அந்த உயர்வு மற்ற அண்டை நாடுகளுக்கும் வர வேண்டும். கட்டிக் கொடுத்த கட்டடத்துக்கு முதல் சில ஆண்டுகளின் பராமரிப்புச் செலவையும், அதை நடத்தப்போகும் ஊழியரின் பயிற்சியையும் அதே மானியத்தில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டவருக்குப் பயிற்சி தருவதற்கு 1964 முதல் நடக்கும் ஐடெக் திட்டம் நம்மிடம் இருக்கிறது; தரமணியிலும் பள்ளிக்கரணையிலும் உள்ள மத்திய அரசு நிறுவனங்களிலேயே அதன் வகுப்புகள் நடக்கின்றன. இந்த வரிசையில் உதவியைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு, எங்கள் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.