பூநாரை தலையைத் தூக்கினால் அங்கேயே நில்லுங்கள்: ராமநாதபுரம் கடற்கரையில் பறவைப் படப்பிடிப்பு

(காட்சி: விடியற்காலை. தனுஷ்கோடி சாலையோரம் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. தூரத்தில் பூநாரைக் கூட்டம்.)

ராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் வழியில், வாடைக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் காட்சி கிடைக்கும். 2025 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. சுமார் 525 ஹெக்டேர். பார்த்தவுடன் கேமராவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். முதலில் கூட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

(காட்சி: ஒரு பூநாரை மட்டும், நெருக்கத்தில்.)

பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீருக்குள் வைக்கிறது. நாக்கு ஓயாமல் நீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்தில் உள்ள சீப்புப் பற்கள் போன்ற அமைப்பில் சிற்றுயிர்களும் பாசியும் தங்கிவிடுகின்றன. இறகின் இளஞ்சிவப்பு நிறமே இந்த உணவிலிருந்துதான் வருகிறது. சாம்பல் நிறத்தில் தெரிபவை இளம் பறவைகள். சில பறவைகள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும். உங்களுக்குத் தேவையான படம் இதுதான்.

நீங்கள் நெருங்க நெருங்க ஒரு பறவை தலையைத் தூக்கும். பிறகு நான்கைந்து. அதன் பின் கூட்டம் முழுவதும் மேய்வதை நிறுத்தி, ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். முதல் தலை நிமிரும்போதே நின்றுவிட வேண்டும். நடக்கத் தொடங்கினால் பின்வாங்க வேண்டும். கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. உள்ளான், கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை) போன்ற வலசைப் பறவைகள் திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்கான கொழுப்பை இந்தக் கரையில்தான் சேர்க்கின்றன. வீணாய்ப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அது கரைகிறது. டிரோனும் வேண்டாம், பறவைகள் அதைப் பருந்தாகவே எண்ணி மிரளும்.

(காட்சி: காற்றை எதிர்த்து நிற்கும் ஆலாக்கள்.)

எங்கே நிற்பது? பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே நிற்கும், எதிர்த்தே எழும்பும், இறங்கும். மார்கழி, தை மாதங்களில் இங்கே காற்று வடகிழக்கிலிருந்து வரும். காலைச் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். கூட்டத்துக்குத் தென்கிழக்கே, சூரியன் முதுகில் படும்படி உட்கார்ந்தால், பறவையின் பக்கவாட்டுத் தோற்றம் முழு வெளிச்சத்தில் கிடைக்கும். உட்காருங்கள் என்றுதான் சொல்கிறேன்: நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் பின்னணி வெறும் சேறாகிவிடும். லென்ஸ் நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தால் பின்னணி கரைந்து பறவை தனித்துத் தெரியும்.

வெயில் ஏறியதும் மணலின் மேல் கானல் எழும். அதன் ஊடாக எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸில் எடுத்தாலும் இறகு நெளிந்துதான் தெரியும். அதனால் விடியலில் வாருங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்துக்கொள்ளுங்கள். வெண்மணல் பின்னணியில் கேமரா படத்தை இருட்டாக்கும், கேமராவில் வெளிச்ச அளவைக் (எக்ஸ்போஷர்) கொஞ்சம் கூட்டுங்கள். கருவேல மர நிழலில் வெள்ளைப் பறவை என்றால் குறையுங்கள்.

(காட்சி: கண்மாய். கருவேல மரங்களில் கூடுகள்.)

கருவேலம் என்றதும் கண்மாய்கள் நினைவுக்கு வருகின்றன. சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை: நான்குமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளவை. நல்ல மழை பெய்து கண்மாய் பெருகினால் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை எல்லாம் மரங்களில் கூடு கட்டும். கரையை விட்டு இறங்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வாடும், காகம் முட்டையைக் கொத்தும்.

(காட்சி: படகிலிருந்து தீவின் கரை.)

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றித் தீவில் கால் வைக்கக் கூடாது. படகில் போய்ப் படம் எடுக்க ஆசையிருந்தால் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்கு வாருங்கள். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். படகு ஆடும்போது கேமரா முக்காலி (டிரைபாட்) பயன்படாது. முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள்.

உப்புக்காற்றில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். அறைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, காய்ந்த பிறகு பையில் வையுங்கள்.