கரண்ட் வைத்தால் தசை ஏறுமா? ஈஎம்எஸ் பயிற்சி, ஒரு விளக்கம்

[காட்சி: கோவை. ஒரு பிசியோதெரபி அறை. முழங்காலில் நான்கு பட்டைகள், பக்கத்தில் சிறிய மிஷின்.]

வணக்கமுங்க. முட்டி வலிக்குப் போய்வரும் எங்கள் அப்புச்சியிடம் இன்றைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால், "கரண்ட் வெச்சு உட்டாங்க கண்ணு" என்பார். அந்தக் கரண்ட் இப்போது ஜிம்முக்கும் வந்துவிட்டது. பெயர் ஈஎம்எஸ், அதாவது மின்சாரத்தால் தசையை இறுகவைக்கும் முறை. ஈரமாக்கிய ஜாக்கெட், அதிலிருந்து வயர்கள், 20 நிமிடம், அவ்வளவுதான். பல மணி நேர உடற்பயிற்சிக்குச் சமம் என்கிறது விளம்பரம். அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

ஆனால் அப்புச்சிக்கு வைத்தது வேறு. டென்ஸ், ஐஎஃப்டி போன்றவை வலியைக் குறைக்கத் தருபவை. உணர்வு நரம்புகளோடுதான் அவற்றுக்குப் பேச்சு. ஈஎம்எஸ், தசையை ஆட்டுவிக்கும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பெயர் கரண்ட்தான்.

[காட்சி: தவளைக் கால் துள்ளும் பழைய ஓவியம். பிறகு நூற்பாலை வாசல், ஷிப்டு மாறும் நேரம்.]

மின்சாரம் பட்டால் செத்த தவளையின் கால்கூடத் துள்ளும் என்று இத்தாலியின் கால்வானி 1791-லேயே எழுதிவிட்டார். துள்ளவைப்பது சுலபம். அப்புறம் என்ன சிக்கல்?

மூளை தசையிடம் வேலை வாங்குவது மில் ஷிப்டு மாதிரி. முதலில் சிறிய, சீக்கிரம் களைக்காத இழைகளைக் கூப்பிடும். பளு கூடினால்தான் பெரிய இழைகள் உள்ளே வரும். ஒரு கூட்டம் ஓய்வெடுக்கும்போது இன்னொன்று வேலை பார்க்கும். கரண்டுக்கு இந்த நாசூக்கு தெரியாது. பட்டைக்கு அருகில் யார் அகப்பட்டாலும், சின்னது பெரியது பார்க்காமல், ஒரே நேரத்தில் எழுப்பும். அடுத்த துடிப்பிலும் அதே ஆட்கள். முழு உடல் ஈஎம்எஸ்ஸில் பொதுவாக நொடிக்கு 85 துடிப்புகள். வழக்கமாகச் சாவகாசமாக இருக்கும் பெரிய இழைகளும் வேலை செய்வது லாபம். அதே இழைகள் சீக்கிரம் ஓய்ந்துபோவது நட்டம்.

நானும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். முதலில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அளவைக் கூட்டியதும் தொடை தானாக இறுகியது. நான் உட்காரப் பார்க்கிறேன், கால் மறுக்கிறது. சிரிப்பும் வந்தது, வியர்வையும் வந்தது. மூன்றாம் நாள் படி இறங்கக் கைப்பிடியைத் தேடினேன்.

[காட்சி: கபடி மைதானம், மாலை வெளிச்சம்.]

விளையாட்டு வீரர்களுக்கு? 1970-களில் சோவியத் நாட்டின் யாகோவ் கோட்ஸ், 10 நொடி கரண்ட், 50 நொடி ஓய்வு என்று ஒரு முறையை வைத்து, வலிமை 40 சதவீதம் வரை கூடும் என்றார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த அளவு எளிதில் வரவில்லை. ஆனால் கபடியில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனவருக்கு விஷயமே வேறு. தொடைத் தசை சில வாரங்களில் சூம்பிப்போகும், அவர் நினைத்தாலும் இறுகாது. அங்கே பிசியோ வைக்கும் ஈஎம்எஸ் நிஜமாகவே உதவுகிறது. நல்ல காலுள்ள வீரருக்கு அது கூடுதல் பயிற்சி மட்டுமே. ரெய்டு போகும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்பதைக் கரண்ட் சொல்லித்தராது.

நம்மைப் போன்றவர்களில், குனிந்து நிமிர முடியாத பெரியவர்களுக்குப் பலன் இருக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வுகளில் முதியவர்களின் தசையும் பலமும் ஓரளவு கூடின. தொப்பையைக் கரைக்கும் பெல்ட் என்று விற்கிறார்களே, அதை விட்டுவிடுங்கள். எடை குறைப்புக்கென்று எந்த ஈஎம்எஸ் கருவிக்கும் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ அனுமதி தரவில்லை. வள்ளிக்கும்மிக்கு ஒரு மணி நேரம் அடி வைத்தால் இதைவிட நன்றாக மூச்சு வாங்கும் என்பது என் கட்சி.

[காட்சி: தோட்டம். போர்வெல் மோட்டார் ஸ்டார்டர்.]

இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான். ஸ்டார்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கும்; லோடு கூடினால் டிரிப் ஆகும். அவசரக்காரர் பட்டனில் ஒரு குச்சியைச் சொருகிவிடுவார். தண்ணீர் வரும், மோட்டாரின் காயிலும் கருகும். நாமாகப் பளு தூக்கும்போது களைப்புதான் ரிலே, கை தானாகத் தளரும். ஈஎம்எஸ் மூளையைக் கேட்காமல் தசையை ஓட்டுவதால் அந்தத் தடை பாதி போய்விடுகிறது. புதியவர் முதல் நாளே முழு அளவில் வைத்தால் தசை இழைகள் சிதைந்து, அதிலிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். இப்படி ஒரு 20 வயது இளைஞருக்கு நேர்ந்ததை எழுதி, கட்டுப்பாடு வேண்டும் என்று 2016-ல் இஸ்ரேல் மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கேட்டார்கள்.

அதனால் முதல் நாள் மிதமாக, போதுமான தண்ணீர் குடித்துவிட்டு. முதல் எட்டுப் பத்து வாரம் வாரம் ஒருமுறை, 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் பக்கமே போகவேண்டாம். இதையெல்லாம் கேட்காமலே ஜாக்கெட்டை மாட்டிவிடும் இடமாக இருந்தால், கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பாதிப்பு அன்றைக்கே தெரியாது. தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சிபிகே என்ற நொதியின் அளவு உச்சத்துக்குப் போவது மூன்று நான்கு நாள் கழித்து. தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், கரண்ட் பயிற்சி செய்ததைச் சொல்லி சிபிகே பார்க்கச் சொல்லுங்கள்.