வாரம் முழுக்க ஆபீஸ், வீக்கெண்ட்ல டிரெய்லர்: ஒரே வண்டி போதுமா?

வணக்கம் மக்களே. தினமும் ஒன்டாரியோ ஹைவே 401-ல ஆபீஸ் போகணும், கோடையில மஸ்கோகா பக்கம் ஒரு சின்ன கேம்பிங் டிரெய்லரையோ மீன்பிடி படகையோ இழுத்துட்டுப் போகணும், பெட்ரோலும் கம்மியா குடிக்கணும். இதுக்கு எந்த வண்டி வாங்கலாம்னுதான் இன்னைக்குப் பேசப்போறோம். வண்டிப் பேருக்கு அப்புறம் வர்றேன். முதல்ல உங்க டிரெய்லர் எவ்வளவு எடைன்னு தெரியணும்.

பிரோஷர்ல இருக்குற டிரை வெயிட்டை வச்சுக் கணக்குப் போடாதீங்க. அது காலி டிரெய்லரோட எடை. கேஸ் சிலிண்டர், பேட்டரி, தண்ணி எதுவும் அதுல சேராது. 20 பவுண்டு சிலிண்டர்னு சொல்றது உள்ள இருக்குற கேஸை மட்டும்தான். இரும்போட சேர்த்தா ஒண்ணு 37 பவுண்டு வரும். பேட்டரி ஒரு 50 பவுண்டு. 100 லிட்டர் தண்ணி ரொப்பினா 220 பவுண்டு. அதுக்கு மேல பாத்திரம், படுக்கை, நாற்காலி, அரிசி மூட்டை. 2,400 பவுண்டு டிரைன்னு வாங்குன டிரெய்லர் ரோட்டுக்கு வரும்போது சாதாரணமா 3,000 ஆயிடும். சந்தேகமா இருந்தா, லாரிக்காரங்க நிக்கிற டிரக் ஸ்டாப்ல இருக்குற கேட் (CAT) ஸ்கேல்ல, அதாவது வண்டியையே எடை போடுற மேடையில, சாமானோட ஏத்தி நிறுத்திப் பாருங்க.

இப்போ வண்டிப் பக்கம் வருவோம். 3,500 பவுண்டு இழுக்கும்னு விளம்பரம் சொல்லுது. உங்க டிரெய்லர் 3,000. 500 பவுண்டு மிச்சம் இருக்கேன்னு தோணும். ஆனா டிரெய்லரோட மூக்கு, கார் பின்னாடி அதை மாட்டுற ஹிட்ச் மேல அழுத்துற எடைன்னு ஒண்ணு இருக்கு, டங் வெயிட். கேம்பிங் டிரெய்லருக்கு இது மொத்த எடையில 10-லிருந்து 15 சதவீதம் இருக்கணும். 12, 13 இருந்தா நிம்மதியா ஓட்டலாம். 3,500 பவுண்டு வண்டிகள்ல ஹிட்ச் தாங்குற டங் வெயிட் பெரும்பாலும் 350 பவுண்டுதான். 12 சதவீதம்னா 2,900-லயே அந்த 350 முடிஞ்சுபோச்சு. 13 சதவீதம்னா 2,700. அதனால 3,500-னு ஸ்டிக்கர் ஒட்டுன வண்டிக்கு கேம்பிங் டிரெய்லர்னு வந்தா நிஜமான எல்லை 2,700, 2,900 பவுண்டு. படகு டிரெய்லர் வேற கதை. அதுக்கு 5-லிருந்து 10 சதவீதம் போதும், அதனால படகுன்னா 3,500-க்குக் கிட்டக்கூட போகலாம்.

சிலர் என்ன பண்றாங்கன்னா, டங் வெயிட்டைக் குறைக்கணும்னு சாமானையெல்லாம் டிரெய்லரோட பின்பக்கம் தள்ளிடறாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. பின்னாடி கனமானா 90, 100 வேகத்துல டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். ஒரு தடவை ஆட ஆரம்பிச்சா ஒவ்வொரு ஆட்டமும் முந்துனதை விடப் பெருசா போகும். ஆட ஆரம்பிச்சுட்டா ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டக் கூடாது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டீரிங்கை நேரா பிடிங்க. டிரைவர் சீட்ல இருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்குற பிரேக் கன்ட்ரோலர் இருந்தா, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால அமுக்குங்க.

டங் வெயிட்டை வீட்டுலயே பாக்கலாம், பாத்ரூம் எடை மெஷின் போதும். டிரெய்லர் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வையுங்க. இதோ, இந்த மாதிரி ஒரு உறுதியான மரச்சட்டம். ஒரு முனை செங்கல் மேல, இன்னொரு முனை எடை மெஷின் மேல. ரெண்டு தாங்குற இடத்துக்கும் நடுவுல சரியா 3 அடி. செங்கல்ல இருந்து 1 அடி தள்ளி, மெஷின்ல இருந்து 2 அடி தள்ளி, சட்டத்து மேல ஒரு குழாய்த்துண்டை நிறுத்தி டிரெய்லர் மூக்கை அதுல இறக்குங்க. மெஷின் காட்டுறதை 3-ஆல பெருக்கணும். 115 காட்டுச்சுன்னா 345 பவுண்டு. கார்ல மாட்டும்போது மூக்கு எந்த உயரத்துல இருக்குமோ, கிட்டத்தட்ட அதே உயரத்துல டிரெய்லர் மட்டமா நிக்கணும். மூக்கு தூக்கியோ தாழ்ந்தோ இருந்தா கணக்கு தப்பும்.

அடுத்து இந்த ஸ்டிக்கர். டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோ, இத்தனை பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருக்கும். டங் வெயிட்டும் இதுக்குள்ளதான் வரணும், இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. உதாரணத்துக்கு ஸ்டிக்கர் 1,300 பவுண்டுன்னு வச்சுக்கங்க. அம்மா, அப்பா, ரெண்டு புள்ளைங்க 460. டங் வெயிட் 350. வெளியில வாங்கி மாட்டுன ஹிட்ச்சே ஒரு 40. டிக்கியில 150. மிச்சம் 300, தாராளம். அதே வண்டியில தாத்தா பாட்டியையும் ஏத்துனா ஒரு 280 போயிடும். கூலர் பாக்ஸை எங்க வைக்கிறதுன்னு அப்புறம் யோசிக்கணும். இந்த நம்பர் மாடலுக்கு மாடல் மட்டுமில்ல, டிரிம்முக்கு டிரிம், அதாவது ஒரே மாடல்லயே வசதியைப் பொறுத்து வர்ற வகைக்கு வகை மாறும். பனோரமிக் கூரை, பெரிய வீல் எல்லாம் வச்ச டாப் டிரிம்லதான் கம்மியா இருக்கும். ஷோரூம்ல நீங்க வாங்கப்போற அதே வண்டியோட கதவைத் திறந்து பாருங்க.

பெட்ரோல் கணக்கு. போக வர 60 கிலோமீட்டர், வருஷத்துக்கு 240 நாள், 14,400 கிலோமீட்டர். டொயோட்டா ஹைலேண்டர் ஹைப்ரிட் 100 கிலோமீட்டருக்கு சுமார் 6.7 லிட்டர், அதாவது 965 லிட்டர். அதே ஹைலேண்டர் டர்போ பெட்ரோல் சுமார் 10 லிட்டர், 1,440. எட்டு சிலிண்டர் பெரிய பிக்கப் 12.5-ன்னு வச்சா 1,800. லிட்டர் ஒண்ணரை டாலர்னா ஹைப்ரிட்டுக்கும் பிக்கப்புக்கும் வருஷத்துக்கு 1,250 டாலர் வித்தியாசம், வெறும் ஆபீஸ் ஓட்டத்துல. டிரெய்லர் இழுக்கும்போது இந்த வித்தியாசம் சுருங்கிடும். பெட்டி மாதிரி டிரெய்லரை மாட்டுனா ஹைப்ரிட்டும் 15, 16 குடிக்கும். அதனால மிச்சம் பிடிக்கிறது தினசரி ஓட்டத்துலதான்.

சரி, பேரைச் சொல்றேன். 1,500-லிருந்து 2,000 பவுண்டுக்குள்ள, அதாவது அலுமினியப் படகு, டியர்டிராப்னு சொல்ற கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர், சின்ன மடக்கு டிரெய்லர்னா, என் ஓட்டு டொயோட்டா ராவ்4 பிளக்-இன்னுக்கு. முன்னாடி பிரைம்னு விக்கப்பட்டது. 2025 மாடல் வரைக்கும் வந்தது 2,500 பவுண்டு இழுக்கும். சார்ஜ்ல மட்டும் 68 கிலோமீட்டர். நல்ல வெயில் நாள்ல ஆபீஸ் போய் வர ஒரு சொட்டு பெட்ரோல் வேண்டாம், குளிர்காலத்துல அந்த தூரம் குறையும். 2025 வரைக்கும் வந்த சாதா ராவ்4 ஹைப்ரிட் 1,750-தான், கவனிங்க. ஹோண்டா சிஆர்-வி ஹைப்ரிட் அதுக்கும் கீழ, வெறும் 1,000.

2,700 வரைக்கும்னா ஹைலேண்டர் ஹைப்ரிட், இல்ல சியன்னா வேன். ரெண்டும் 3,500. பெரிய குடும்பம்னா சியன்னாதான், யோசிக்கவே வேண்டாம். அதுக்கு மேல 3,500, 4,000 பவுண்டு டிரெய்லர்னா கிராண்ட் ஹைலேண்டர் ஹைப்ரிட் மேக்ஸ், 5,000 இழுக்கும், 100 கிலோமீட்டருக்கு 8.7 லிட்டர் பக்கம் குடிக்கும். ஃபோர்டு மேவரிக்ல ஒரு விஷயம். 2022-லிருந்து 2024 வரைக்கும் வந்த ஹைப்ரிட் 2,000 பவுண்டுதான். 2025-லிருந்து ஆல் வீல் ஹைப்ரிட்டுக்கு 4,000 பவுண்டு பேக்கேஜ் கிடைக்குது. பழைய வண்டியில ஹிட்ச்சை மாட்டி 4,000 ஆக்கிடலாம்னு நினைக்காதீங்க. கூலிங் எல்லாம் சேர்ந்துதான் அந்த நம்பர்.

5,000-க்கு மேல போனா ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட் ஹைப்ரிட் பிக்கப், இல்ல ஜிஎம்மோட 3 லிட்டர் டீசல். டீசல் ஹைவேயில அருமை. ஆனா தினமும் பத்து நிமிஷம் சிட்டிக்குள்ள ஓட்டி நிறுத்துறவங்களுக்கு ஆகாது. புகை வடிகட்டி தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ண சூடும் நேரமும் வேணும், கிடைக்கலைன்னா அடைச்சுக்கும். 2020 வாக்குல வந்த அந்த இன்ஜின்ல ஆயில் பம்பை ஓட்டுற பெல்ட்டை 240,000 கிலோமீட்டர்ல மாத்தணும். அது இன்ஜினுக்குப் பின்பக்கம் இருக்கு, கியர்பாக்ஸை இறக்கித்தான் மாத்தணும். பழைய வண்டி வாங்குறவங்க அந்தச் செலவை விலையிலயே கழிச்சுப் பேசுங்க.

ஹைப்ரிட் இழுக்குமா, கியர்பாக்ஸ் போயிடாதான்னு பயப்படறாங்க. மேக்ஸைத் தவிர மேல சொன்ன டொயோட்டா ஹைப்ரிட்ல இருக்கிறது பெல்ட்டுல ஓடுற சிவிடி கியர்பாக்ஸ் இல்ல, கிரக கியரும் ரெண்டு மோட்டாரும். வழுக்குற பெல்ட்டே கிடையாது. பிரச்சினை நீண்ட ஏத்தத்துல வரும். பேட்டரி சின்னது, சில நிமிஷத்துல தீர்ந்துடும், அப்புறம் 2.5 லிட்டர் இன்ஜின் மட்டும் கத்திக்கிட்டு ஏறும். மஸ்கோகா போற ஹைவே 11-ல இருக்குற ஏத்த இறக்கத்துக்கு இது ஒண்ணுமே இல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஹோப்ல இருந்து 1,244 மீட்டர் உயர கொக்விஹாலா கணவாய்க்கு ஏறணும்னா ஹைப்ரிட்டை எல்லை வரைக்கும் ஏத்தாதீங்க. இறக்கத்துலயும் அதேதான். பேட்டரி நிறைஞ்சதும் மோட்டார் பிரேக் கைவிடும், அதனால முன்கூட்டியே கியரை இறக்கி இன்ஜின் பிரேக்ல வாங்க.

வேகம் 90, 95 போதும். காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 100-லிருந்து 115 போனா 32 சதவீதம் கூடுது. டிரெய்லர் டயர்ல வேற எதுவும் குறிக்காம இருந்தா டிரெய்லருக்குன்னே வர்ற எஸ்டி டயர்கள் நிறைய மணிக்கு 105 கிலோமீட்டருக்குத்தான் செஞ்சது.

பிரேக். ஒன்டாரியோவுல மொத்த எடை 1,360 கிலோ, அதாவது 3,000 பவுண்டு ஆச்சுன்னா டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2,000 தாண்டினாலே போடுங்கன்னு நான் சொல்வேன். மின்சார பிரேக்குக்கு 7 பின் சாக்கெட்டும் கன்ட்ரோலரும் வேணும். நிறைய வண்டியில 4 பின்தான் கொடுக்கறாங்க, அது விளக்குக்கு மட்டும். ஹைப்ரிட்ல பின்விளக்கு வயரை வெட்டி ஒட்டாதீங்க. 12 வோல்ட் பேட்டரியில இருந்து நேரா ஃபியூஸோட கரண்ட் எடுக்குற கன்வெர்ட்டர் போடணும். மாட்டுனதும் காலி பார்க்கிங்ல 35, 40 வேகத்துல உருட்டி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால அமுக்குங்க. சக்கரம் பூட்டிக்கிட்டு தேய்க்கிற வரைக்கும் கன்ட்ரோலர்ல கெயினை, அதாவது பிரேக் பிடிக்கிற அழுத்தத்தை ஏத்தி, அங்கிருந்து ஒரு படி இறக்குங்க. சாமான் ஏத்தின டிரெய்லரோட இதைப் பண்ணுங்க, காலியா வச்சுப் பாத்தா செட்டிங் தப்பா வரும்.