பன்னிரண்டு மணிக்கு விடியும் நாடு

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எத்தியோப்பியாவுக்கு ஆசிரியராகப் போய்ச் சேர்ந்த முதல் வாரம். "மெம்ஹிர், நாளை மூன்று மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் ஒரு மாணவன். மெம்ஹிர் என்றால் அவர்களுடைய அம்ஹாரிக் மொழியில் ஆசிரியர். மறுநாள் காலை 9 மணிக்கு வாசலில் வந்து நிற்கிறான். அவனுடைய கணக்கில் அப்போது மணி மூன்று! அங்கே பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுகிறார்கள். நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நமக்கு நண்பகல் 12 என்றால் அவர்களுக்கு ஆறு. நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் உதிக்கும் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை, கணக்கும் பிசகுவதில்லை. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இதை யாரும் விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

அந்த நாட்டின் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பஞ்சம்தான். மழை பொய்த்ததோடு உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொண்ட 1984-இல் அங்கே இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தப் படங்களை உலகம் பார்த்துக் கலங்கியது. ஆனால் ஒரு நாட்டை, அது பட்ட மிகப் பெரிய துயரத்தை வைத்தே 40 ஆண்டுகளாக அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதுதான் என் மனத்தை உறுத்துகிறது. நான் அங்கே கண்டது தண்ணீரும் குளிரும் நிறைந்த மேட்டு நிலம்.

தலைநகர் அடிஸ் அபாபா நம் ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிறது. மலைமேல் ஒரு பெருநகரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து எழுப்பிய நிலம் அது. அதை நடுவே பிளந்துகொண்டு போகிறது கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. வடகிழக்கே போகப் போக நிலம் இறங்கி, தனக்கில் பள்ளத்தில் கடல் மட்டத்துக்கும் 100 மீட்டருக்குக் கீழே போய்விடுகிறது. அந்த அனலில் அஃபார் மக்கள் உப்பைப் பாளம் பாளமாக வெட்டி ஒட்டகங்களில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதே அஃபார் மண்ணில் 1974-இல் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. வயது ஏறக்குறைய 32 இலட்சம் ஆண்டுகள். உலகம் அவளை லூசி என்கிறது. எத்தியோப்பியர்கள் வைத்த பெயர் டிங்கினேஷ். "நீ அதிசயமானவள்" என்று பொருள். எனக்குப் பிடித்த பெயர் இதுதான்.

நான் வாழ்ந்த பாகிர் தார், தானா ஏரிக்கரை நகரம். ஏரியைப் பார்த்தால் கடல் போலத்தான் இருக்கும். கோரைத் தண்டுகளைக் கட்டிச் செய்த தன்குவா என்னும் சிறு படகுகளில் விறகு ஏற்றி வருவார்கள். அந்த ஏரியிலிருந்துதான் நீல நைல் புறப்படுகிறது. அங்கே அதற்கு அபாய் என்று பெயர். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் செம்மண் கரைந்து ஓட, ஆறு தேநீர் நிறத்தில் பாயும். சூடானின் கார்ட்டூம் நகரில் வெள்ளை நைலோடு கலந்து எகிப்துக்குப் போகிறது. எகிப்தின் வயல்களைக் காலங்காலமாகக் கொழிக்கச் செய்த வண்டல் பெரும்பாலும் இந்த மலைகளின் மண். அபாயின் குறுக்கே 2011-இல் தொடங்கிய பேரணை 2025-இல் திறக்கப்பட்டது. அதற்காகத் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கடன்பத்திரம் வாங்கிய சக ஆசிரியர்களை எனக்குத் தெரியும். எகிப்துக்கு அந்த அணையால் கவலை உண்டு. நைலை விட்டால் வேறு ஆறு இல்லாத நாட்டின் கவலையையும் நாம் தள்ளிவிட முடியாது.

மக்கள் 12 கோடிக்கு மேல். மொழிகள் 80-க்கும் அதிகம். ஒரோமோ மக்கள்தாம் எண்ணிக்கையில் முதலிடம், அடுத்து அம்ஹாரா. சோமாலியர், திக்ரேயர், சிதாமா என்று இன்னும் பலர். 1896-இல் அத்வா மலைகளில் இத்தாலியப் படையை முறியடித்தவர்கள் இவர்கள். அவர்களுக்குள்ளேயே 2020 முதல் 2022 வரை வடக்கே மூண்ட போர் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்துவிட்டது. அதை நினைக்கும்போது என் மாணவர்களின் முகங்கள்தாம் முன்னே வருகின்றன.

அம்ஹாரிக்குக்குச் சொந்த எழுத்து உண்டு. ஒரு மெய்க்கு ஏழு வடிவம். ஹ, ஹு, ஹி, ஹா என்று அவர்கள் குழந்தைகள் ராகம் போட்டுச் சொல்வதைப் பள்ளிச் சுவருக்கு வெளியே நின்று கேட்டேன். உயிர்மெய் வரிசை படித்த நமக்கு அது இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். வயதான பெண்களை அங்கே எமாமா என்று மரியாதையாக அழைப்பார்கள். தெஃப் என்னும் கடுகினும் சிறிய தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகன்ற மண்சட்டியில் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுழற்றி ஊற்றுவார். மாவின்மேல் சின்னச் சின்னத் துளைகள் திறந்ததும் மூடி போடுவார், திருப்பிப் போடுவதில்லை. அந்தத் துளைகளுக்குக் கண் என்று பெயர். கண் நிறைய இருந்தால்தான் அது நல்ல இஞ்சேரா, அதாவது அவர்களுடைய தோசை. ஒரே தட்டில் எல்லோரும் சாப்பிடும்போது, ஒரு துண்டு பிய்த்துக் குழம்பில் தோய்த்துப் பக்கத்தில் இருப்பவர் வாயில் ஊட்டுவார்கள். அதற்கு குர்ஷா என்று பெயர். எமாமா எனக்கு ஊட்டிய முதல் கவளத்தின் புளிப்பு இன்னும் நாவில் இருக்கிறது.

காப்பி பிறந்த நாடு அது. தரையில் பசும்புல் பரப்பி, பச்சைக் கொட்டையை நம் கண்ணெதிரே வறுத்து, புகையை முகர்ந்து பார்க்கச் சொல்லி, இடித்து, கழுத்து நீண்ட மண்கூஜாவில் கொதிக்கவைப்பார்கள். மூன்று சுற்று: அபோல், தோனா, பெரெகா. பெரெகா என்றால் ஆசி.

நான் ஊர் திரும்பிய நாளன்று டாக்சி வாசலில் வந்து நின்றது. இரண்டு கோப்பை குடித்துவிட்டு நான் எழுந்தபோது எமாமா கையைப் பிடித்து உட்காரவைத்தார். பெரெகா இன்னும் அடுப்பில் இருந்தது. வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, புல்மேல் வந்து உட்கார்ந்து தமக்கும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டார்.

நன்றி. வணக்கம்.